பொதுச்சங்கமும் ஒரு தேங்காய்நார்க் கயிறும்

கோவிலின் பெயரை எழுதப்போவதில்லை. கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகிற ரயில் பாதையில் ஒரு சின்ன நிறுத்தம், அதற்குப் பக்கத்தில் தகரக்கூரை போட்ட ஒரு கத்தோலிக்கக் கோவில். அவ்வளவு போதும். அந்தக் கோவிலுக்கு இடதுபுறம் சிறகு மாதிரி ஒரு நீட்டம் உண்டு. சிறகுக்குத் தனி வாசல். அது நடுக்கோவிலோடு சேருகிற இடத்தில் இரண்டு தூண்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால், கோவிலைக் கூட்டி மணியடிக்கிற கோவில்பிள்ளை அந்தத் தூண்களுக்கு நடுவே ஒரு தேங்காய்நார்க் கயிற்றை இடுப்புயரத்தில் இழுத்துக் கட்டுவார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் சாதிக்காரர்கள். இந்தப் பக்கம் நாங்கள்.

சாமியார் நற்கருணையை, எங்கள் பேச்சில் நன்மையை, முதலில் அங்கே கொடுத்து முடிப்பார். பிறகு கயிற்றருகே வந்து எங்களுக்குக் கொடுப்பார். கலியாணமும் அப்படியே. அவர்கள் வீட்டுப் பெண் முன்வாசல் வழியாக வந்து பீடத்துப் படியில் முழந்தாளிடுவாள். எங்கள் வீட்டுப் பெண் சிறகு வாசல் வழியாக வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் முழந்தாளிடுவாள். என் அக்காள் கலியாணத்தில் சாமியார் கையை நீட்டி மந்திரித்தபோது கயிறு அவருடைய அங்கியில் உராய்ந்துகொண்டே இருந்தது. பல வருஷக் கை பட்டுப் பட்டு அந்தக் கயிறு கறுத்து, பிசுக்கேறி, ஈரத்துணி நாற்றம் அடிக்கும். அக்காள் தலை குனிந்தபோது அவள் முக்காடு அதில் ஒட்டிக்கொண்டது. ஒருவரும் எடுத்துவிடவில்லை. நானும் எடுத்துவிடவில்லை.

சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியார் வருஷத்துக்கு ஒருமுறை வருகிற ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் கயிறு இருக்காது. கோவில்பிள்ளை அதைச் சுருட்டி உடுப்பறை அலமாரிக்கு அடியில் போட்டுவிடுவார். கயிறு இல்லாத அந்த நாளிலும் நாங்கள் எங்கள் சிறகிலேயே நிற்போம்; ஒருவர் கால்கூட தூணைத் தாண்டாது. மேற்றிராணியார் பார்த்துச் சந்தோஷப்பட்டு, பிரிவில்லாத நல்ல மந்தை என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டுப் போவார்.

எங்கள் அப்பா ரயில் பாதையில் சல்லி கொட்டுகிற கூட்டத்தில் வேலை பார்த்தவர். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். துறவிகள் நடத்திய ஆங்கிலப் பள்ளியில் ஏழாவது வரைக்கும் படித்து, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆபீசில் கிராணி வேலைக்குச் சேர்ந்தேன். கடிதங்களுக்கு எண் போட்டு ஃபைலில் சேர்ப்பதும், மேலிடத்துச் சுற்றறிக்கைகளைப் பிரதியெடுப்பதும் என் வேலை. இந்த வேலைதான் என் மூளையைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். உலகத்தில் எல்லாத் தப்பும், சரியான சுற்றறிக்கையின் சரியான பத்தியை எடுத்துக் காட்டினால் திருந்திவிடும் என்று நம்பத் தொடங்கினேன்.

எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர் மகள். அவர்களுக்கும் இதே கோவில், இதே சிறகு. ஒப்புத்தாம்பூலம் மாற்றிய அன்றே நான் மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்: என் கலியாணம் முன்வாசல் வழியாக நடக்கவேண்டும், பீடத்துப் படியில் நடக்கவேண்டும்.

என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது. பள்ளியில் ஞானோபதேசப் பரீட்சைக்குப் பரிசாகக் கொடுத்த ஆங்கிலப் புத்தகம். எங்கள் அப்பா பிறந்த காலத்தில் ரோமாபுரியில் வத்திக்கானில் கூடிய பொதுச்சங்கத்தின் தீர்மானங்கள் அதில் இருந்தன. உலகத்திலுள்ள மேற்றிராணிமாரெல்லாம் கூடி, திருச்சபையின் தலைவரான பாப்பானவர் தம்முடைய ஆசனத்திலிருந்து விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி முழுத் திருச்சபைக்கும் போதிக்கும்போது தவறமாட்டார் என்று தீர்மானித்த சங்கம் அது. அதை நான் மனப்பாடமாக்கியிருந்தேன். இப்பொழுது பென்சிலோடு உட்கார்ந்து ஆபீஸ் காகிதம் படிப்பதுபோலப் படித்தேன்.

ஆபீசில் எங்கள் தலைமைக் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றி நிறைய விபூதி. சாப்பாட்டு நேரத்தில் நான் இந்தப் புத்தகத்தை விரித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு எட்டி வாசித்தார்.

"இந்தக் கூட்டம் எப்ப முடிஞ்சது, தம்பி?"

"முடியல ஐயா. நடுவுல யுத்தம் வந்திருச்சு. தள்ளி வச்சாங்க. அப்புறம் கூடவே இல்ல."

"அப்ப மினிட்ஸ் கன்ஃபர்ம் பண்ணேல்லையே. நீர் ஒரு கிராணி. முடியாத கூட்டத்தின்ர தீர்மானத்தை ஃபைல் பண்ணுவீரோ?"

"இந்தத் தீர்மானத்துல பாப்பு கையெழுத்துப் போட்டுட்டாரு ஐயா. அது போதும்."

"அவர் பிழை விடமாட்டார் எண்டு அவரே கையெழுத்துப் போட்டவரோ? நல்ல ஆபீஸ்." சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் அந்தச் சங்கம் போதித்ததை நான் விசுவசிக்கிறேன். விசுவாசம் இல்லாதவன் எழுதியது இது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. விசுவாசம் இல்லாவிட்டால் இதில் குமட்டுவதற்கு என்ன இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் சாமியாரிடம் போனேன். பிரெஞ்சுக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்து வந்தவர். அதனால் அவர் பேச்சில் ஒரு பிழை இருக்காது. அவர் குடியிருந்த அறை வீட்டு முகப்பில் மூங்கில் நாற்காலியில் இருந்தார். நான் நின்றுகொண்டே என் விண்ணப்பத்தைச் சொன்னேன்.

"மகனே, சங்கம் போதித்தது சத்தியம்," என்றார். "மறுக்கிறவன் சபைக்குப் புறம்பானவன். ஆனால் சங்கம் விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றிப் பேசுகிறது. நிற்கிற இடம் விசுவாசமா?"

"ஒழுக்கம் இல்லையா சாமி? ஒரே நன்மையை வாங்குறவங்களை மாட்டைக் கட்டுற மாதிரி கயிறு கட்டி நிறுத்துறது?"

"அது வழக்கம். உங்கள் நாட்டிலிருந்து நீங்கள் கொண்டுவந்தது. நான் கொண்டுவரவில்லை."

திரும்பி வந்து புத்தகத்தை மறுபடியும் எடுத்தேன். பாப்புவின் தவறாத வரத்தைச் சொல்லுகிற அதிகாரத்துக்கு முந்திய அதிகாரத்தில் எனக்கு வேண்டியது கிடைத்தது. குருக்களும் விசுவாசிகளும் பாப்புவுக்குக் கீழ்ப்படியவேண்டியது விசுவாச, ஒழுக்க விஷயங்களில் மட்டுமல்ல, உலகம் முழுதும் பரவியிருக்கிற சபையின் ஒழுங்கையும் ஆளுகையையும் சேர்ந்த விஷயங்களிலும்தான் என்று சங்கம் அங்கே தீர்மானித்திருந்தது. உலகம் முழுதும் என்றால் எங்கள் நிறுத்தமும் அதில் அடக்கம். நிற்கிற இடம் விசுவாசம் இல்லை, ஒழுக்கம் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒழுங்குதானே. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அந்தப் பத்தியை ஆபீஸ் கையெழுத்தில் பிரதியெடுத்தேன். பக்கத்தில் தமிழ் அர்த்தம். ஓரத்தில் எண்கள். மேலே பச்சை நாடா போட்டுக் கட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை போனபோது சாமியாரோடு கோவில் தலைவரும் இருந்தார். மாட்டுவண்டிக் காண்டிராக்டர், நிலையத்திலிருந்து சரக்கு இறக்கி ஏற்றுவதெல்லாம் அவருடைய வண்டிகள்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் முதல் வரிசை அவர் குடும்பத்துக்கு. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"வாப்பா கிராணி. ரோமாபுரியிலேருந்து தபால் வந்துச்சா?"

நான் அவரைப் பார்க்காமல் சாமியாரிடம் காகிதத்தைக் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடி போட்டு, பொறுமையாக, ஒரு எழுத்து விடாமல் படித்தார். படித்துவிட்டு, "நல்லது. சரியாகவே மொழிபெயர்த்திருக்கிறாய்," என்றார்.

"அப்போ சாமி?"

"கட்டளையிடப் பாப்புவுக்கு அதிகாரம் உண்டு. மறுப்பில்லை. அவர் கட்டளையிட்டால் நாளைக்கே நான் என் கையால் கயிற்றை அவிழ்ப்பேன். கட்டளை எங்கே?"

 அதிகாரத்தைக் கண்டுபிடித்தேனே ஒழிய உத்தரவைக் கண்டுபிடிக்கவில்லை. மூன்று வருஷ ஆபீஸ் அனுபவமுள்ள ஒருவன் செய்யக்கூடாத பிழை. ஜெனரல் மானேஜருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதால் மட்டும் ஒரு வேகன் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

காண்டிராக்டர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். "நாங்க என்ன பாப்புக்கு விரோதமா? அவரு படத்துக்கு தினம் விளக்கு வக்கிறது எங்க வீட்டுலதான். அவரு தப்பாப் பேசமாட்டாருங்கிறதுல எங்களுக்கு ஒன்னயவிட நம்பிக்க ஜாஸ்தி. ஆனா இதப்பத்தி அவரு பேசவே இல்லியேப்பா. பேசாதவரு எப்படித் தப்புப் பண்ணுவாரு?"

 காண்டிராக்டர் துப்புவதற்கு எழுந்து வெளியே போனபோதுதான் சாமியார் குரலைத் தாழ்த்தினார்.

"மகனே, உனக்கு உண்மையைச் சொல்லுகிறேன். கயிற்றை அவிழ்த்தால் அவர்கள் போய்விடுவார்கள். வேதம் மாறிப் போவார்கள். நீங்கள் போகமாட்டீர்கள்."

அவர் இதை ஒரு புகழ்ச்சியாகத்தான் சொன்னார். முகத்தில் அன்புகூட இருந்தது. நாங்கள் விசுவாசத்தில் உறுதியானவர்கள், ஆகவே எங்களைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்தலாம்.   நான் காகிதத்தைத் திரும்பக் கேட்கவில்லை.

பிறகு அவர் ஒரு வழி சொன்னார். "திங்கட்கிழமை விடியற்காலம் ஐந்தரை மணிப் பூசை இருக்கிறது. அன்றைக்குக் கயிறு கட்டுவதில்லை. முன்வாசலைத் திறக்கச் சொல்லுகிறேன். பீடத்துப் படியில் மந்திரிக்கிறேன். பதிவும் அதே புத்தகத்தில்தான்."

திரும்பி வந்த காண்டிராக்டர் கேட்டுவிட்டு, "திங்கக்கெழமன்னா எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல," என்றார். அப்படிச் சொல்லும்போது மீசைக்குள் சிரித்தார்.

அவர் ஏன் சிரித்தார் என்று எனக்குத் தெரியும். எங்கள் கோவிலில் திங்கட்கிழமை விடியற்காலத்தில் யாருக்குக் கலியாணம் நடக்கும் என்பது தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கிற லயங்களில்கூட எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மந்திரிக்காமலே சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு. பெண்ணுக்கு வயிறு தெரியத் தொடங்கி, பெரியவர்கள் அவசரமாக இழுத்து வந்த ஜோடிகளுக்கு. ஊர் கண்ணில் படாமல் பாவத்தைச் சரிக்கட்டுகிற நேரம் அது. இவ்வளவும் தெரிந்தும் நான், "சரி சாமி," என்றேன். முன்வாசல் என்ற ஒரே வார்த்தைதான் என் காதில் நின்றது.

அம்மா மட்டும் கேட்டாள்: "பொண்ணு வீட்டுல என்னடா சொல்லுவாங்க?"

"வெவரமாச் சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க."

பெண்ணின் அப்பா மறுத்துப் பேசவில்லை. "மாப்பிள்ள படிச்சவரு. அவரு சொன்னா காரணம் இருக்கும்," என்றார். பெண்ணை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம். அக்காளை விட்டு ஒரு வார்த்தை கேட்டனுப்ப எவ்வளவு நேரம் ஆகும். சங்கத்தின் தீர்மானத்தில் ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு வாரம் தலையை உடைத்துக்கொண்டவன், இதைக் கேட்க அரைமணி நேரம் செலவழிக்கவில்லை.

கலியாணத்தன்று மழை தூறிக்கொண்டிருந்தது. முன்வாசலின் ஒரு கதவைத்தான் திறந்திருந்தார்கள். மற்றக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டதாம். ஒருவர் பின் ஒருவராக நுழைந்தோம். உள்ளே பீடத்தில் இரண்டு மெழுகுவர்த்தி. வெறும் பெஞ்சுகள். எங்கள் இரண்டு வீட்டாரும் சேர்ந்து பதினோரு பேர். பழக்கத்தில் எல்லோரும் சிறகுப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். நான் கையைக் காட்டிக் கூப்பிட்டும் அப்பா அசையவில்லை. "நீ போடா, நாங்க இங்கேருந்தே பாக்குறோம்," என்றார். கயிறு இல்லாத தூண்களுக்கு அந்தப் பக்கம் நின்று என் அப்பாவும் அம்மாவும் என் கலியாணத்தைப் பார்த்தார்கள். கோவில்பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டே மணியடித்தார். பீடத்துப் படி குளிர்ந்திருந்தது. நான் விரும்பிய இடத்தில் முழந்தாளிட்டிருந்தேன். பக்கத்தில் அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் பார்க்கவில்லை. கதவையும் படியையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று பகல் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்சுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.  பாதி வழியில் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அந்தக் கதவு ஒங்களுக்கு ரொம்ப நாளா வேணுமா?"

"ஆமா."

"எனக்கு வேணுமான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

"கயிறு இல்லாம, பீடத்துப் படியில... அது நம்ம ரெண்டு பேருக்கும் மரியாத இல்லியா?"

"நாலு பேரு பாக்க கயித்துக்கிட்ட நின்னிருந்தா எனக்கு மரியாத போயிருக்காது. அது எல்லாருக்கும் நடக்கறது." பிறகு, "இப்ப எங்க லயத்துல என்ன பேசுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும். படிச்சவரு," என்றாள்.

பேசினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிறகில் நின்றபோதே அது தொடங்கிவிட்டது. எங்கள் பெண்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தார்கள். நற்கருணைக்குப் போகும்போது இவளுக்கு வழிவிடுகிற மாதிரி ஒதுங்கி, பக்கத்தில் யாரும் முழந்தாளிடாமல் பார்த்துக்கொண்டார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கமும் அதே பேச்சுத்தான். நன்மை வாங்குகிறவர்கள் தாண்ட முடியாத கயிற்றை இந்தப் பேச்சு ஒரே வாரத்தில் தாண்டிவிட்டது. நிலையத்தில் காண்டிராக்டர் எதிர்ப்பட்டபோது, "என்ன கிராணி, மாசம் எத்தன?" என்று கேட்டார். வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். நான் தாண்டிப் போனேன். அடித்திருக்கவேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது. அடித்திருந்தால் அவள் மேல் இன்னும் நாலு பேச்சு சேர்ந்திருக்கும் என்பதும் தெரியும்.

சாமியாரிடம் மறுபடியும் போனேன். அவள் குற்றமற்றவள், நடந்தது இன்ன காரணத்துக்காக என்று பிரசங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டேன்.

"நான் சொன்னால் சந்தேகம் கூடும், மகனே. காலம் சொல்லட்டும்."

"ஒருத்தி மேல அபாண்டம் போடுறது ஒழுக்க விஷயம்தானே சாமி? இதுல பேச ஒங்களுக்கு அதிகாரம் இருக்கே. யார் உத்தரவும் வேணாமே."

 அவர் செபப் புத்தகத்தைத் திறந்துகொண்டார். அவர் கெட்டவர் அல்ல. காய்ச்சலில் கிடக்கிறவர்களைப் பார்க்க அட்டைக்கடிக்கு நடுவே தோட்டம் தோட்டமாக நடந்து போகிறவர். அதனால்தான் அவரை நினைத்தால் இன்னும் அதிகமாகக் கசக்கிறது. காண்டிராக்டர் மேல் வெறும் கோபம் மட்டுமே. அது வந்து போய்விடும்.

கலியாணமாகிப் பதினாலாம் மாதம்தான் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேறுகாலத்துக்கு அவள் தாய்வீடு போயிருந்தாள். மூன்றாம் நாள் லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் பார்க்க வந்தார்கள். நான் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேசுவது கேட்டது.

"முழு மாசப் பிள்ளதான், பாரேன். நகமெல்லாம் நல்லா வளந்திருக்கு."

"எண்ணி முடிச்சாச்சா அக்கா?" என்றாள் என் மனைவி.

 ஒருத்தி சிரித்தாள். "அட, நாங்க ஒண்ணும் நெனக்கலடி. ஊரு பேசுச்சு. காப்பி இருந்தாக் குடு." மாமியார் கொடுத்த காப்பியை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, பிள்ளைக்கு யார் ஜாடை என்று பேசிவிட்டு எழுந்து போனார்கள். ஒருத்தர் முகத்திலும் ஒன்றுமில்லை. பதினாலு மாதம் ஒருத்தியை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு தம்ளர் காப்பியோடு முடிந்துவிட்டது. அவளிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று உள்ளே போனேன். அந்த அறையில் அவர்கள் விட்டுப்போன வெற்றிலை வாடை இருந்தது. 

"ஞானஸ்நானம் ஞாயித்துக்கெழமதான்," என்றாள் அவள். "பெரிய பூசைக்கு. எல்லாரும் இருக்கணும்."

"வாசல்..."

"எந்த வாசலாயிருந்தா என்ன. எல்லாரும் இருக்கணும்."

 சிறகு வாசல் வழியாகத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனோம். எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய ஞானஸ்நானத் தொட்டி கிடையாது. சிறகிலேயே ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். கயிறு கட்டியிருந்தது. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து சாமியார் குழந்தையைப் பார்த்துக் கேள்விகளைக் கேட்டார். ஞானத்தகப்பனாக நின்ற என் அக்காள் புருஷன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் சாமியார், பரிசுத்த கத்தோலிக்கத் திருச்சபையை விசுவசிக்கிறாயோ என்று கேட்டார்.

"விசுவசிக்கிறேன்," என்றார் அத்தான்.

நானும் வாய்க்குள் சொன்னேன். பொய்யாகச் சொல்லவில்லை.  என் மனைவி பிள்ளையின் தலையைச் செம்புக்கு மேலே பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, கயிற்றுக்கு இரண்டு பக்கத்திலும் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை.